ஜாஷ் கிப்சன் ஆடிய ஊர்கள்: வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை

புதன், வாஷிங்டன்

பேஸ்பாலில் வாழ்நாள் பேட்டிங் சராசரி யாருக்கு அதிகம் என்று 2024 மே மாதம் வரை கேட்டிருந்தால் டை காப், .367 என்பதுதான் பதில். அந்த மாதக் கடைசியில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகின் நிர்வாகம், கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்கைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. பட்டியலின் தலைமாட்டில் .372 என்ற எண்ணோடு ஜாஷ் கிப்சன் வந்து நின்றார். அவர் இறந்து அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பர் என்பதால் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆட அவரை விட்டதில்லை.

அவர் வாழ்ந்த, ஆடிய இடங்களை ஊர் வாரியாகப் பார்த்து எழுதும் தொடர் இது. முதலில் வாஷிங்டன். மெட்ரோவில் பச்சைத் தடத்தில் ஷா–ஹோவர்ட் நிலையத்தில் இறங்கி, ஜார்ஜியா அவென்யூவில் வடக்கே நடந்தால் ஹோவர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை வரும். கிரிஃபித் ஸ்டேடியம் நின்ற இடம் இதுதான். ஸ்டேடியத்தை 1965-ல் இடித்தார்கள், மருத்துவமனை 1975-ல் திறந்தது. பேட்ஸ்மேன் நின்று ஆடும் ஹோம் பிளேட் இருந்த இடத்தைக் கட்டடத்துக்குள்ளேயே அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் இது இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனை. வரவேற்பில் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பார்வையாளர் நேரத்தில் போவது நல்லது. நோயாளிகள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

இந்த மைதானத்தின் அளவுகளைத் தெரிந்துகொண்டால்தான் கிப்சன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். அவர் வலக்கை பேட்ஸ்மேன். வலக்கைக்காரர் முழு பலத்தோடு அடிக்கும் பந்து இயல்பாக இடப்பக்கம் போகும். கிரிஃபித் ஸ்டேடியத்தில் அந்த இடப்பக்க எல்லை, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டிய மிகக் குறுகிய இடத்திலேயே, 405 அடி. இன்றைய பிட்ஸ்பர்க் மைதானமான பிஎன்சி பார்க்கில் அதே இடம் 325 அடிதான். 80 அடி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 24 மீட்டர். இன்று பார்வையாளர் மடியில் விழும் பந்து அன்று ஃபீல்டர் கையில் கேட்சாக விழுந்திருக்கும். நடுப்பக்கச் சுவர் ஓரிடத்தில் உள்ளே மடங்கி வந்தது. அங்கிருந்த ஐந்து வீடுகளும் ஒரு பெரிய மரமும் மைதானத்துக்குக் கிடைக்காததால் சுவரை வளைத்துக் கட்டியிருந்தார்கள்.

கிப்சனின் அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸ் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹோம்ஸ்டெட்டில் பிறந்தது. 1940-களில் அது இந்த ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்து, வெள்ளையர் அணியான செனட்டர்ஸ் வெளியூர் போன நாட்களில் ஆடியது. சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி, ஞாயிறு ஆட்டங்களுக்கு நல்ல கூட்டம். செனட்டர்ஸ் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித் ஒருமுறை கிப்சனையும் முதல் பேஸ் ஆட்டக்காரர் பக் லெனர்டையும் அலுவலகத்துக்கு அழைத்து, மேஜர் லீகில் ஆட விருப்பமா என்று விசாரித்ததாக லெனர்ட் பின்னாளில் சொன்னார். விசாரிப்பு அதோடு சரி, ஒப்பந்தம் வரவில்லை. வாடகைப் பணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

நேரமிருந்தால் அதே பச்சைத் தடத்தில் நேவி யார்டில் இறங்கி நேஷனல்ஸ் பார்க்கில் கிப்சனின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். ஓம்ரி அம்ரானி வடித்தது, 2009-ல் வைத்தார்கள். எந்த வாசல் பக்கம் என்று ஊழியரிடம் கேட்டுவிட்டுச் சுற்றுவது நல்லது. ஸ்டேடியம் பெரியது.

வியாழன், சாலையில்

வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் சாலை வழியே சுமார் 390 கி.மீ. இன்று நான்கு மணி நேரம். ரயிலும் உண்டு, மாலையில் கிளம்பி நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேரும். காரில் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிரீஸ்வுட் என்ற இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிக்னலும் பெட்ரோல் பங்குகளுமான ஊர்த்தெருவைக் கடந்துதான் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் ஏற முடியும். வழி தவறிவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள். இன்னொன்று, டர்ன்பைக்கில் ரொக்கம் வாங்குவதில்லை. ஈ-இசட்பாஸ் என்ற மின்னணுச் சுங்கக் கருவி இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக் கூடுதல் கட்டணம் அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் அதன் மேல் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் ஏறும்.

இந்த டர்ன்பைக் திறந்ததே 1940 அக்டோபரில்தான். அதற்கு முன் அலெகேனி மலைகளை இருவழிச் சாலையில் ஏறி இறங்க வேண்டும். சனிக்கிழமை பிட்ஸ்பர்க்கில் ஆடிவிட்டு, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கி, ஞாயிறு வாஷிங்டனில் இரண்டு ஆட்டம் ஆடுவது கிரேஸ் அணியின் வழக்கம். வழியில் எந்த ஹோட்டல் அறை கொடுக்கும், எந்தக் கடை உட்காரவைத்துச் சோறு போடும் என்பதை ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பல ஊர்களில் பின்வாசலில் பொட்டலம் வாங்கி பஸ்ஸிலேயே சாப்பிட்டார்கள்.

நீண்ட சாலை என்பதால், எல்லோரும் கேட்கும் கேள்வியை இங்கேயே எடுத்துக்கொள்கிறோம். கிப்சன் எத்தனை ஹோம் ரன், அதாவது கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி எல்லை தாண்டும் அடி, அடித்தார்? பேஸ்பால் மேதைகளைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய பட்டயம் ஏறக்குறைய 800 என்கிறது. 2024-ல் வெளியான மேஜர் லீக் கணக்கு 174 என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்டங்களை எண்ணுகின்றன.

ஒரு நீக்ரோ லீக் அணி ஆண்டுக்கு 60 முதல் 80 லீக் ஆட்டங்கள் ஆடும், அதுவும் பெரும்பாலும் வார இறுதியில். ஆனால் மொத்தம் 200 ஆட்டம்வரை போகும். மீதியெல்லாம் வார நாட்களில் ஊர் ஊராகப் போய், தொழிற்சாலை அணி, சுரங்க அணி, உள்ளூர் கிளப் என்று கிடைத்தவர்களோடு ஆடியவை. வாசலில் வசூலாகும் பணத்தில் பங்கு, அதில்தான் அணி பிழைத்தது. 800 என்பது அந்த ஆட்டங்களையும் சேர்த்துச் சொல்வது. எதிரே பந்து வீசியவர் யார், மைதானம் எப்படி என்று எதுவும் தெரியாத ஆட்டங்கள் அவை. 174 என்பது லீக் ஆட்டங்களில், ஆதாரம் கிடைத்தவற்றில் மட்டும்.

ஆதாரம் என்றால் ஆட்ட விவர அட்டவணை, அதாவது பாக்ஸ் ஸ்கோர். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பின வாரப் பத்திரிகைகள்தான் அதை அச்சிட்டன. வாரப் பத்திரிகை என்பதால் ஒரே இதழில் ஏழு நாள் ஆட்டங்களுக்கு இடம் தேட வேண்டும். இடம் போதாவிட்டால் முழு அட்டவணை போய், இன்னிங்ஸ் வாரியான ரன் மட்டும் அச்சாகும். சில அட்டவணைகளில் ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை அடைவது) இருக்கும், வாக் (தவறான நான்கு பந்துகளுக்காக அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது) இருக்காது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மைக்ரோஃபிலிம் சுருள்களில் தேடி, ஒரே ஆட்டத்தைப் பற்றி வேறு வேறு பத்திரிகை எழுதியதை ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையான ஏழு லீக்குகளின் ஆட்டங்களில் சுமார் 75 சதவீதம் கிடைத்திருப்பதாக 2024-ல் சொன்னார்கள். புதிதாக ஓர் அட்டவணை கிடைத்தால் .372 சற்றே மாறக்கூடும்.

சராசரி போடுவது எளிது. ஹிட்டுகளை அட்-பேட், அதாவது பேட் செய்ய வந்த முறைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், வாக் கிடைத்தால் அது அட்-பேட்டில் சேராது. ஸ்லக்கிங் என்பது ஹிட்டுக்குப் பதிலாக ஓடிய பேஸ்களை எண்ணுவது. நான்கு அட்-பேட்டில் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ்), ஒரு ஹோம் ரன் (நான்கு பேஸ்) என்றால் ஐந்து பேஸ், நான்கால் வகுத்தால் 1.250. கிப்சனின் வாழ்நாள் ஸ்லக்கிங் .718, பேப் ரூத்தின் .690-ஐவிட அதிகம். 1943-ல் அவருடைய சராசரி .466. ஒரே சீசனில் இதைவிட உயர்ந்த சராசரி பதிவேட்டில் இல்லை.

60 ஆட்டத்தில் .400 எடுப்பது 154 ஆட்டத்தில் எடுப்பதைவிட எளிது என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு சீசன் கணக்குக்கு அது நியாயமான வாதம். குறுகிய சீசனில் எண்கள் மேலும் கீழும் துள்ளும். ஆனால் வாழ்நாள் சராசரி பல சீசன்களைக் கூட்டிப் போட்டது. துள்ளல் எல்லாம் அதில் அடங்கிவிடும். அதனால் கிப்சனைப் பற்றி ஒரே ஒரு எண் சொல்ல வேண்டுமென்றால் .372-ஐச் சொல்லுங்கள் என்பது எங்கள் கட்சி. 800 கேட்க நன்றாக இருக்கும், ஆனால் யாரோடும் ஒப்பிட முடியாது.

வெள்ளி, பிட்ஸ்பர்க்: ஓக்லாந்தும் ஹில்லும்

ஓக்லாந்தை வார நாளில் பாருங்கள். பிட்ஸ்பர்க்கின் மேஜர் லீக் அணியான பைரேட்ஸின் பழைய மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். அதன் ஹோம் பிளேட் இப்போது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் போஸ்வர் ஹாலில் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வார இறுதியில் கட்டடம் பூட்டியிருக்கலாம். வெளியே கொடிக்கம்பத்தோடு பழைய செங்கல் சுவரில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அதில் 457 அடி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஹோம் பிளேட் இருந்த பக்கம் திரும்பிப் பாருங்கள். இடையில் தெருவும் கட்டடமும் வந்துவிட்டாலும் தூரம் உறைக்கும்.

கிப்சன் 18 வயதில் கிரேஸ் அணிக்கு வந்தது 1930 ஜூலைக் கடைசியில். அப்போது கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணி சொந்த விளக்குகளோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. லாரிகளில் உயர்த்தி இறக்கும் கம்பங்கள், 250 குதிரைத்திறன் எஞ்சினில் ஓடும் ஜெனரேட்டர். மேஜர் லீகில் முதல் இரவு ஆட்டம் 1935-ல்தான் நடந்தது. ஐந்து ஆண்டு முன்பே கறுப்பின அணிகள் விளக்கில் ஆடின. விளக்கு மங்கல். கேட்சர் விரலால் காட்டும் சைகை பந்து வீசும் பிட்ச்சருக்குச் சரியாகத் தெரியாது. வேகப்பந்து வரும் என்று கை வைத்திருக்கும்போது வளைபந்து வந்தால் விரல் போச்சு. கிரேஸின் கேட்சர் பக் யூவிங்குக்கு அப்படித்தான் கையில் அடிபட்டது என்கிறார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த கிப்சனை அப்படியே கூப்பிட்டு ஆடவைத்தார்கள் என்பது பிரபலமான கதை. கதையின் நாடகத்தனத்தை நம்ப வேண்டியதில்லை. இரண்டு ஆண்டாக ஹில் பகுதியில் ஆடிவந்த கிப்சனை கிரேஸ் உரிமையாளர் கம் போஸிக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்த மாதமே அவர் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த பிரசவத்தில் இறந்தார். குழந்தைகளைத் தாய்வழிக் குடும்பம் வளர்த்தது. கிப்சன் மறுபடி பஸ் ஏறினார்.

ஹில் பகுதிக்கு 83-ஆம் எண் பஸ். பெட்ஃபர்ட் அவென்யூவில் ஆமன் மைதானத்தருகே மாநில அரசின் நீலப் பலகை கிப்சனின் பெயரோடு நிற்கிறது. மைதானமும் இப்போது அவர் பெயரில்தான். ஏற்றம் அதிகமான பகுதி, கீழிருந்து நடந்து வராமல் பஸ்ஸில் மேலே வந்து, கீழ்நோக்கி நடங்கள்.

இதே தெருவில்தான் 1932-ல் கஸ் கிரீன்லீ தன் பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணிக்கு 7,500 இருக்கைகளோடு கிரீன்லீ ஃபீல்டைக் கட்டினார், சுமார் ஒரு லட்சம் டாலர் செலவில். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை வாடகைக்குக் கொடுத்தவர்கள் கறுப்பின ஆட்டக்காரர்களை உடைமாற்றும் அறைக்குள் விடவில்லை. கிரீன்லீயின் பணம், மூன்று இலக்க எண்ணை ஊகித்துச் சில்லறை கட்டும் ‘நம்பர்’ சூதாட்டத்திலிருந்து வந்தது. வங்கிகள் கறுப்பின வணிகருக்குக் கடன் கொடுக்காத காலம். அணி நடத்தும் அளவு ரொக்கம் இந்தச் சூதாட்டம் நடத்தியவர்களிடம்தான் இருந்தது. கிப்சன், சாட்செல் பேஜ், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் என ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஐந்து பேர் இந்த அணியில் ஆடினார்கள். ஆனால் பார்வையாளர் பகுதிக்குக் கூரை போடவில்லை. வெயிலிலும் மழையிலும் கூட்டம் குறைந்தது. 1938-ல் மைதானத்தை இடித்துப் பெட்ஃபர்ட் குடியிருப்பைக் கட்டினார்கள். இன்று மைதானத்தின் ஒரு செங்கல்லும் கிடையாது.

கிப்சன் கேட்சர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் ஆட்டம் முழுக்க குந்தியே இருக்க வேண்டும். தொடக்கத்தில் அவருடைய பலவீனம், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் பந்து. பேட்டின் மேல்விளிம்பில் பட்ட அந்தப் பந்து கடுமையாகப் பின்சுழன்று, பின்னே போவதுபோல் போய் மைதானத்தின் பக்கமே திரும்பி வளையும். அதனால் கேட்சர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து தன்னை நோக்கி வரும்படி பிடிக்க வேண்டும். முகம் கொடுத்து நின்றால் பந்து தலைக்கு மேல் கடந்துவிடும். பேட்டிங்கில் அவருக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பாதம் இரண்டையும் தரையில் பதித்து, முன்காலை அதிகம் நகர்த்தாமல், குறுகிய வீச்சு. காலை நீட்டாததால் தலை அசையாது, தலை அசையாததால் கடைசி நொடிவரை பந்தைப் பார்க்கலாம். பலம் தோளிலும் முன்கையிலும் இருந்து வந்தது.

1937 டிசம்பரில் கூரியர் பத்திரிகையின் செஸ்டர் வாஷிங்டன், பைரேட்ஸ் மேனேஜர் பை டிரெய்னருக்குத் தந்தி அனுப்பினார். கிப்சன், லெனர்ட், பேஜ், பெல், ரே பிரௌன் ஐவரும் நியாயமான விலைக்குக் கிடைப்பார்கள் என்று. பதில் வரவில்லை.

சனி, ஹோம்ஸ்டெட்

61சி அல்லது 61டி பஸ் ஹோம்ஸ்டெட் கிரேஸ் பாலத்தைக் கடக்கும். 2002-ல் அணியின் பெயரை வைத்தார்கள். பாலத்தில் நடைபாதை இருக்கிறது. அக்கரையில் இரும்பாலை நின்ற இடம் இப்போது கடைவீதி, பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளர் ஆடத் தொடங்கிய அணிதான் கிரேஸ். கிப்சனின் தந்தையும் ஜார்ஜியாவின் புவனா விஸ்டாவிலிருந்து 1923-ல் பிட்ஸ்பர்க்குக்கு வந்தது எஃகு ஆலை வேலைக்காகத்தான்.

1937-ல் கிராஃபர்ட்ஸிடம் பணம் தீர்ந்ததும் கிப்சனையும் ஜூடி ஜான்சனையும் கிரேஸுக்கு விற்றார்கள், இரண்டு ஆட்டக்காரர்களும் 2,500 டாலரும் விலை. உடனே கிப்சன் டொமினிகன் குடியரசுக்குப் போனார். சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய தலைநகர அணிக்கு ஆடி .453 அடித்தார். 1941-ல் மெக்சிகோவின் வெராக்ரூஸ் அணியில் 94 ஆட்டத்தில் 33 ஹோம் ரன். அந்த ஊர்களில் சம்பளம் கூடுதல், எந்த ஹோட்டலிலும் அறை கிடைக்கும். ஒப்பந்தம் மீறியதாக கம் போஸி வழக்குத் தொடுத்து 10,000 டாலருக்கும் கிப்சனின் வீட்டுக்கும் தீர்ப்பு வாங்கினார். 1942-ல் கிப்சன் திரும்பி வந்ததும் அதைக் கைவிட்டார். அவரும் லெனர்டும் அடுத்தடுத்து பேட் செய்த அந்த அணி 1943, 1944 இரண்டு ஆண்டும் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸை வென்று நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது.

இந்த ஊரில் பார்க்க அதிகமில்லை. அரை நாள் போதும்.

ஞாயிறு, நார்த் சைடும் லாரன்ஸ்வில்லும்

நகர மையத்திலிருந்து நார்த் சைடுக்கு ‘டி’ என்ற உள்ளூர் ரயில், கட்டணம் இல்லை. கிப்சன் வளர்ந்த பகுதி இது. தொழிற்பள்ளியில் மின்சார வேலை படித்தார், ஏர் பிரேக் தொழிற்சாலையில் பயிற்சி, கிம்பெல்ஸ் கடையில் லிஃப்ட் இயக்கும் வேலை. பிஎன்சி பார்க்கில் 2006 முதல் கிப்சன் உள்ளிட்ட ஏழு நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் சிலைகள் இருந்தன, 2015-ல் எடுத்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி அங்கே தேடாதீர்கள். அதற்குப் பதில் ஸ்ட்ரிப் பகுதியில் ஹைன்ஸ் வரலாற்று மையத்தின் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

1943 புத்தாண்டு நாளில் கிப்சன் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி என்றார்கள், அறுவைக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. .466 அடித்தது அதே ஆண்டில்தான். தலைவலியும் குடியும் மருத்துவமனையுமாகக் கழிந்த அடுத்த ஆண்டுகளில் முழங்கால்களும் போயின. முழுதாகக் குந்த முடியாமல் கேட்சராக நின்றார். 1947 ஜனவரி 20-ல் பக்கவாதத்தில் இறந்தார், வயது 35. அந்த நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் கால்வைத்தது அதே ஆண்டு ஏப்ரல் 15.

லாரன்ஸ்வில்லில் உள்ள அலெகேனி கல்லறைத் தோட்டம் 300 ஏக்கர். கிப்சனின் கல் தரையோடு தரையாகப் பதித்த சிறிய பலகை, புல் வளர்ந்தால் சற்றுத் தள்ளி நின்றாலே தெரியாது. அதனால் வாசல் அலுவலகத்தில் பகுதி குறித்த வரைபடம் வாங்காமல் உள்ளே போக வேண்டாம். ஞாயிறன்று அலுவலகம் பூட்டியிருந்தால் தேடுவது வீண், முந்தைய வாரமே தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் கதவு மாலையில் சாத்திவிடுவார்கள். பலகையில் பெயரும் 1911–1947 என்ற ஆண்டுகளும், புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் என்ற வரியும் உண்டு. ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1972-ல். இந்தப் பலகை வந்தது 1975-ல். அதுவரை 28 ஆண்டுகள் பெயரில்லாத மண்.

பட்லர் தெரு வாசலில் 91-ஆம் எண் பஸ் நிற்கும், நகர மையத்துக்குத் திரும்பலாம். ஞாயிறு சேவை குறைவு, நேரம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.